நாசிக் ஒயினின் தனிச்சுவைக்குக் காரணம் என்ன? மண், குளிர், மழை விடைபெறும் நாள் - ஒரு விளக்கம்

நாசிக்: பிரான்ஸிலும் இத்தாலியிலும் திராட்சைக் கொடிகள் இலைகளை உதிர்த்துவிட்டுக் குளிர்கால உறக்கத்தில் இருக்கும் ஜனவரி மாதத்தில், மகாராஷ்டிர மாநிலம் நாசிக்கில் ஒயின் திராட்சை அறுவடை தொடங்குகிறது. விடியற்காலைக் குளிரில் கொத்துகளை வெட்டி, வெயில் ஏறுவதற்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்கும் இந்தப் பணி மார்ச் மாதம் வரை நீடிக்கிறது. ஐரோப்பாவில் இதே பணி ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி அக்டோபர் வரை நடைபெறும்.

காலம் இப்படி மாறியிருப்பது ஒரு வேடிக்கையான தகவல் மட்டுமல்ல. நாசிக்கில் தயாராகும் ஒயினின் புளிப்பு, மணம், நிறம், வலிமை ஆகிய அனைத்தும் இந்த மாற்றத்தோடு பிணைந்தவை. தென்மேற்குப் பருவமழை விடைபெறும் அக்டோபருக்கும் கோடை தலைகாட்டும் மார்ச்சுக்கும் இடையே கிடைக்கும் உலர்ந்த, குளிர்ந்த சில மாதங்களே இந்த ஒயினின் இயல்பை உருவாக்குகின்றன. அந்த மாதங்கள் முன்புபோல் நம்பத்தகுந்தவையாக இல்லை என்பதே இப்போது திராட்சை விவசாயிகளின் கவலை.

நிலமும் பொழுதும்:

ஒயின் குறித்த பேச்சில் 'தெர்வார்' என்ற பிரெஞ்சுச் சொல் அடிக்கடி இடம்பெறும். மண், நிலத்தின் சரிவு, கடல் மட்டத்திலிருந்து உயரம், மழை, வெயில், காற்று, அங்குள்ள மக்களின் வேளாண் வழக்கம் ஆகியவை ஒன்றுசேர்ந்து ஒரு விளைபொருளுக்குத் தரும் தனித்தன்மையை அச்சொல் குறிக்கிறது. நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று வகுத்த தமிழ் இலக்கண மரபை அறிந்தவர்களுக்கு இக்கருத்து அந்நியமானதன்று.

பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியை எடுத்துக்கொண்டால், அங்குள்ள சுண்ணாம்புப் பாறை நீரைத் தேக்கி வைத்துக் கொடிகளுக்கு மெல்ல மெல்ல வழங்குகிறது. வடக்கே அமைந்த குளிர்ப் பகுதி என்பதால் பழங்கள் புளிப்பை இழக்காமல் பழுக்கின்றன. அந்தப் புளிப்பே நுரைக்கும் ஒயினுக்கு அடிப்படை. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் செங்குத்தான சரிவுகளில் பரவிக்கிடக்கும் பலகைக்கற்கள் பகல் வெப்பத்தை உள்வாங்கி வைத்துக்கொண்டு, குளிர் மிகுந்த அந்நிலத்தில் பழம் பழுக்க உதவுகின்றன.

இங்கு ஒரு தவறான புரிதலை நீக்கிக்கொள்வது நல்லது. மண்ணில் உள்ள கனிமங்களின் சுவை வேர் வழியாக நேரடியாகப் பழத்துக்குள் ஏறி ஒயினில் தெரிவதில்லை. எவ்வளவு நீர் தேங்கும், எவ்வளவு விரைவாக வடியும், வேர் எவ்வளவு ஆழம் இறங்கும், தரை எவ்வளவு சூடேறும் என்பவற்றின் வாயிலாகவே மண் தன் செல்வாக்கைச் செலுத்துகிறது. நீர் மிகுந்தால் கொடி இலையையும் தண்டையும் வளர்க்கும், பழம் நீர்த்துப்போகும். நீர் அளவோடு இருந்தால் கொடி தன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு பழத்தின் மீது கவனம் செலுத்தும். சிறிய, தோல் தடித்த பழங்களே ஒயினுக்கு ஏற்றவை.

உறங்காத கொடி:

ஒயின் திராட்சை மரபாக விளையும் நாடுகள் பெரும்பாலும் நிலநடுக்கோட்டிலிருந்து 30 முதல் 50 பாகை வரையிலான அட்சரேகைகளில் அமைந்துள்ளன. நாசிக் ஏறத்தாழ 20 பாகை வடக்கில், வெப்பமண்டலத்துக்குள் இருக்கிறது. இங்கு உறைபனிக் குளிர்காலம் கிடையாது. ஆகவே கொடி தானாக இலையுதிர்த்து உறங்குவதில்லை. விட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே இருக்கும்.

இயற்கை தராத அந்த ஓய்வை விவசாயி கவாத்தின் மூலம் உருவாக்குகிறார். மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். அறுவடை முடிந்ததும் ஏப்ரலில் செய்யப்படும் முதல் கவாத்து, அடுத்த பருவத்துக்கான கொம்புகளை வளர்ப்பதற்கானது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செய்யப்படும் இரண்டாவது கவாத்து பழத்துக்கானது. இந்த இரண்டாவது கவாத்துக்குப் பின், மொட்டுகள் ஒரே சீராக வெடிப்பதற்காக ஹைட்ரஜன் சயனமைடு என்ற வேதிப்பொருளை அவற்றின் மீது தடவுவது வழக்கம். ஐரோப்பாவில் குளிர்காலம் செய்யும் வேலையை இங்கு கத்தரியும் வேதிப்பொருளும் செய்கின்றன.

இரண்டு முறை வெட்டினாலும் மகசூல் ஒன்றுதான். ஏப்ரலுக்குப் பின் வரும் வளர்ச்சி மழைக்காலத்தில் அமைவதால், அப்போது பழம் பிடித்தால் பூஞ்சை நோய்கள் அதனை அழித்துவிடும். எனவே மழைக்காலத்தைக் கொம்பு வளர்ப்பதற்கும், மழையற்ற காலத்தைப் பழத்துக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். பருவமழைக்கு ஏற்ப விவசாயிகள் வகுத்துக்கொண்ட காலக்கணக்கு இது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில்:

நாசிக் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் மேற்கு ஓரத்தில் அமைந்துள்ளது. அருகிலுள்ள திரியம்பகேஷ்வரில் பிரம்மகிரி மலையில் கோதாவரி ஆறு பிறக்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் மழை மேகங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, இகத்புரி, திரியம்பகேஷ்வர் போன்ற மேற்கு வட்டாரங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாகப் பொழிகின்றன. அங்கிருந்து கிழக்கே செல்லச் செல்ல மழை விரைவாகக் குறைகிறது. நிபாட், யேவலா போன்ற கிழக்கு வட்டாரங்கள் மழை மறைவுப் பகுதிக்குள் வருகின்றன. திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் இந்த மழை குறைந்த பகுதிகளிலேயே உள்ளன.

மழை மலையில் பொழிந்து, கங்காபூர் உள்ளிட்ட அணைகளில் தேங்கி, உலர்ந்த சமவெளிக்குப் பாசனமாக வருகிறது என்பதே இந்நிலத்தின் பெரும் வசதி. பழம் வளரும் மாதங்களில் வானத்திலிருந்து நீர் வருவதில்லை. சொட்டுநீர்க் குழாய் வழியாகவே வருகிறது. அதனால் எப்போது நீர் தருவது, எப்போது நிறுத்துவது என்பது விவசாயியின் கையில் இருக்கிறது. மழையை நம்பிப் பயிரிடும் பல ஐரோப்பியப் பகுதிகளில் இந்தக் கட்டுப்பாடு கிடைப்பதில்லை.

மண்ணைப் பொறுத்தவரை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து உருவான கரும்பாறையே தக்காணத்தின் அடித்தளம். அந்தப் பாறை சிதைந்து உருவான கரிசல் மண் தாழ்வான பகுதிகளில் ஆழமாகக் கிடக்கிறது. அது நீரை நெடுநாள் பிடித்துவைக்கும் இயல்புடையது. மேசைக்குச் செல்லும் பெரிய திராட்சைப் பழங்களுக்கு ஏற்றது. மேட்டுப்பாங்கான சரிவுகளில் மண் அடுக்கு மெலிந்து, கற்கள் கலந்த முரம்பு நிலமாகிறது. அங்கு நீர் விரைவாக வடிந்துவிடும். விளைச்சல் குறைந்தாலும் பழத்தின் சாறு செறிவாக இருக்கும் என்பதால் ஒயின் திராட்சைக்கு இத்தகைய சரிவுகள் விரும்பப்படுகின்றன.

குளிர் இரவுகள் செய்யும் வேலை:

டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாசிக்கில் பகல் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போது, இரவில் அது 10 டிகிரி அளவுக்கு இறங்குவது வழக்கம். நிபாட் பகுதியில் அதற்கும் கீழே செல்லும் நாள்கள் உண்டு. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான இந்த வேறுபாடுதான் நாசிக் ஒயினின் சுவையைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல்.

பகலில் சூரிய ஒளியைக் கொண்டு இலைகள் சர்க்கரையைத் தயாரிக்கின்றன. அந்தச் சர்க்கரை பழத்தில் சேர்ந்து, பின்னர் நொதித்தலின்போது ஆல்கஹாலாக மாறுகிறது. பழத்தின் புளிப்புக்குக் காரணமான அமிலங்களில் முக்கியமானவை டார்டாரிக் அமிலமும் மாலிக் அமிலமும். இவற்றில் மாலிக் அமிலம் வெப்பத்தில் விரைவாகக் கரைந்துபோகும். இரவும் வெப்பமாக இருந்தால் பழம் அந்த அமிலத்தைத் தொடர்ந்து செலவழித்துவிடும். இரவு குளிர்ந்தால் அந்த இழப்பு குறைந்து புளிப்பு எஞ்சும். சிவப்பு ரகங்களில் தோலின் நிறமிகள் நன்கு உருவாவதற்கும் குளிர்ந்த இரவுகள் துணைசெய்கின்றன.

இதனால்தான் வெப்பமண்டலத்தில் இருந்தும் நாசிக்கின் வெள்ளை ஒயின்களில் புத்துணர்ச்சி தரும் புளிப்பு காணப்படுகிறது. சாவிஞான் பிளாங்க் ரகத்தில் பச்சைக் குடமிளகாயையும் நறுக்கிய புல்லையும் நினைவூட்டும் மணம் உண்டு. வெயிலும் வெப்பமும் கூடினால் அந்த மணப்பொருள் சிதைந்து மறையும். கனிந்த பழ மணமே மேலோங்கும். இயல்பிலேயே புளிப்பை எளிதில் இழக்காத செனின் பிளாங்க் ரகம் இங்கு நன்கு வேரூன்றியதற்கும் தட்பவெப்பமே காரணம். கொய்யா, தேன் ஆகியவற்றை ஒத்த மணம் அதன் அடையாளம். சிவப்பில், வெயிலைத் தாங்கும் ஷிராஸ் ரகம் மிளகுக் காரமும் கருநிறப் பழங்களின் மணமும் கலந்த ஒயினைத் தருகிறது.

வெயிலை நோக்கிப் பழுக்கும் பழம்:

ஐரோப்பாவில் பழம் கோடையின் உச்சத்தில் நிறம் மாறத் தொடங்கி, நாள்தோறும் குளிர்ந்துகொண்டே செல்லும் இலையுதிர் காலத்தில் பழுக்கிறது. இறுதி வாரங்களில் பருவநிலை பழத்தின் வேகத்தைத் தானாகவே மட்டுப்படுத்திவிடும். நாசிக்கில் நடப்பது இதற்கு நேர்மாறு. குளிர்ந்த டிசம்பரில் பருக்கத் தொடங்கும் பழம், நாள்தோறும் வெப்பம் கூடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களை நோக்கிப் பழுக்கிறது.

இதன் விளைவு, அறுவடைக்கு உகந்த காலம் குறுகிவிடுவதாகும். சில நாள்கள் தாமதித்தாலும் சர்க்கரை வேகமாக ஏறி, புளிப்பு சரிந்துவிடும். அத்தகைய பழத்திலிருந்து வரும் ஒயின் ஆல்கஹால் மிகுந்து, சுவையில் கனத்து, உயிரோட்டம் குன்றியதாக இருக்கும். மாறாக, சர்க்கரை மட்டும் ஏறிவிட்டது என்று முன்கூட்டியே வெட்டினால், தோலிலும் விதையிலும் உள்ள டானின் முதிராமல் ஒயினில் பச்சைத் துவர்ப்பு தங்கிவிடும். வெள்ளை ரகங்கள் முதலிலும் சிவப்பு ரகங்கள் பிறகும் வெட்டப்படுவதும், விடியலுக்கு முன்பே தோட்டங்களில் வேலை தொடங்குவதும் இந்தக் காரணங்களால்தான்.

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு குணம்:

இந்தியாவில் விளையும் திராட்சையில் மிகச் சிறிய பங்கே ஒயினாகிறது. அதிலும் பெரும்பகுதி மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களுக்குள் அடங்கும். ஆயினும் இந்த எல்லைக்குள்ளேயே நிலத்துக்கு நிலம் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

பெங்களூருவுக்கு வடக்கே, நந்தி மலையின் அடிவாரத்தில் உள்ள தோட்டங்கள் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளன. நாசிக்கைவிடத் தெற்கே, ஏறத்தாழ 13 பாகை அட்சரேகையில் இருந்தாலும் உயரம் வெப்பத்தைத் தணிக்கிறது. செம்மண் கலந்த நிலம். ஆண்டு முழுவதும் கடும் வெயிலோ கடும் குளிரோ இல்லாத மிதமான பருவநிலை. பழம் நிதானமாகப் பழுப்பதால், இப்பகுதியின் சிவப்பு ஒயின்கள் மென்மையானவை எனப் பெயர் பெற்றுள்ளன. கன்வல் குரோவர் 1980களில் பிரான்ஸைச் சேர்ந்த ஒயின் வல்லுநர் ஜார்ஜ் வெசெலுடன் இணைந்து பல இடங்களை ஆராய்ந்த பின்னரே இப்பகுதியைத் தேர்ந்தெடுத்தார்.

அதே பெங்களூரு வட்டாரத்தில் நெடுங்காலமாக விளையும் வேறொரு திராட்சையும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பெங்களூரு ப்ளூ என்ற அந்த ரகம், ஐரோப்பிய ஒயின் திராட்சை இனத்தைச் சேர்ந்ததன்று. அமெரிக்க இனமான லாப்ரஸ்காவின் வழிவந்தது. பழக்கூழை ஒத்த வலுவான மணம் கொண்டது. பழச்சாறுக்கும், கோவாவின் இனிப்பு ரக ஒயின்களுக்கும் பயன்படுகிறது. ஒரே செம்மண்ணில் இரு வேறு இனங்கள் முற்றிலும் வேறுபட்ட ஒயின்களைத் தருவது, நிலம் தனித்துச் செயல்படுவதில்லை என்பதற்குச் சான்று.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் அக்லூஜைச் சுற்றியுள்ள பகுதி, நாசிக்கைவிடத் தெற்கிலும் தாழ்விலும் உள்ளது. மழை குறைவு, வெயில் கடுமை, மண்ணில் சுண்ணாம்பு அதிகம். காற்று உலர்ந்திருப்பதால் பூஞ்சை நோய் குறைவு. அங்கு இத்தாலியின் டஸ்கனி பகுதியைச் சேர்ந்த ஒயின் வல்லுநர் பியரோ மாஸியின் வழிகாட்டுதலில், அவரது மண்ணின் ரகமான சாஞ்சோவேசே நடப்பட்டது. வெப்பத்தில் பழுத்த செறிவே அங்குள்ள சிவப்பு ஒயின்களின் பொதுக்குணம்.

கம்பத்தில் நிலைமை வேறு:

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கும் திராட்சைக்குப் பெயர் பெற்றது. அங்கு பெரும்பரப்பில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அறிந்த ரகம் அது. ஆனால் கம்பத்தின் காலக்கணக்கு நாசிக்கின் கணக்கு அன்று.

நிலநடுக்கோட்டுக்கு மேலும் நெருங்கிய கம்பத்தில் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு குறைவு. எந்த மாதத்தில் கவாத்து செய்தாலும் கொடி துளிர்த்துப் பூத்துக் காய்க்கும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி, ஆண்டு முழுவதும் சந்தைக்குப் பழம் அனுப்ப முடிகிறது. உண்ணும் பழத்துக்கு இது பெரும் வரம். குளிர் இரவுகளால் புளிப்பைத் தேக்கிவைக்கும் ஒயின் திராட்சைக்கோ, ஆண்டில் ஒரே ஒருமுறை வரும் நாசிக்கின் உலர் குளிர்காலமே தேவைப்படுகிறது. இரண்டும் இந்தியத் திராட்சைதான் என்றாலும், ஒன்றின் வலிமை மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை.

மனிதர்களின் தேர்வு:

நாசிக்கில் திராட்சை பல தலைமுறைகளாக விளைந்தாலும் அது உண்ணும் பழமாகவே இருந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து 1990களில் தாயகம் திரும்பிய ராஜீவ் சாமந்த், கங்காபூர் அணைக்கு அருகே தம் குடும்ப நிலத்தில் சாவிஞான் பிளாங்க், செனின் பிளாங்க் ரகங்களை நட்டார். அவர் நிறுவிய சூலா ஆலையின் முதல் ஒயின்கள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தன. மகாராஷ்டிர அரசு 2001ஆம் ஆண்டில் அறிவித்த திராட்சைப் பதப்படுத்தும் தொழில் கொள்கை, நாசிக் மாவட்டத்தின் விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைய வழிவகுத்தது. 2010-11ஆம் ஆண்டில் 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கொடியின் வேர்கூட மனிதத் தேர்வுதான். மகாராஷ்டிரத்தின் பல தோட்டங்களில் ஐரோப்பிய ரகக் கொடி, அமெரிக்காவின் டெக்சாஸைப் பூர்வீகமாகக் கொண்ட டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியின் மீது ஒட்டுக்கட்டப்படுகிறது. வறட்சியையும் மண்ணின் உவர்ப்பையும் தாங்கும் அதன் திறனே காரணம். புனே அருகே மாஞ்ரியில் 1997ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம், எந்த மண்ணுக்கு எந்த வேர்ச்செடி, எந்த ரகம் என்பது குறித்த ஆய்வுகளை மேற்கொண்டு வருகிறது.

மழை தவறினால் என்ன ஆகும்?

இந்தக் கணக்கு அனைத்தும் மழை உரிய நேரத்தில் விடைபெறும் என்ற நம்பிக்கையின் மீது நிற்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் 2020ஆம் ஆண்டில் பருவமழையின் இயல்பான தேதிகளைத் திருத்தியமைத்தபோது, மும்பையிலிருந்து மழை விடைபெறும் நாள் செப்டம்பர் 29இலிருந்து அக்டோபர் 8ஆகத் தள்ளிப்போனது. அருகிலுள்ள நாசிக்குக்கும் இதில் செய்தி உண்டு. கவாத்து செய்து, மொட்டு வெடித்து, இளந்தளிர் வெளிவரும் வேளையில் மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் பரவும். பூக்கும் வேளையில் பெய்தால் பூங்கொத்து அழுகி உதிரும்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பெய்த பருவம் தவறிய மழை, நாசிக் மாவட்டத்தில் இந்த நிலையில் இருந்த தோட்டங்களைக் கடுமையாகப் பாதித்தது. 2014ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில், அறுவடைக்குக் காத்திருந்த வேளையில், மகாராஷ்டிரத்தின் பல மாவட்டங்களில் ஆலங்கட்டி மழை கொட்டியது. 2023ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நிபாட் உள்ளிட்ட பகுதிகளில் விழுந்த ஆலங்கட்டிகள் கொடிகளையும் இளங்காய்களையும் சிதைத்தன.

மே மாத மழையின் சேதம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏப்ரல் கவாத்துக்குப் பின் வரும் வாரங்களில்தான், அடுத்த ஜனவரியில் பழமாகப் போகும் கொத்துகள் மொட்டுக்குள் கருக்கொள்கின்றன. அதற்கு நல்ல வெயில் தேவை. மேகமூட்டமும் மழையும் நீடித்தால் கொடி பச்சையாகத் தழைத்திருக்கும்; மொட்டுக்குள் கொத்து உருவாகியிருக்காது. இழப்பு அக்டோபருக்குப் பிறகே தெரியவரும். 2025ஆம் ஆண்டில் பருவமழை மே 26ஆம் தேதியே மும்பையை எட்டியது, இந்தக் காரணத்தால் திராட்சை விவசாயிகளுக்குக் கவலை தருவதாக அமைந்தது.

வெப்பமும் தன் பங்குக்கு அழுத்தம் தருகிறது. பிப்ரவரியில் வெயில் முன்கூட்டியே ஏறினால், ஏற்கெனவே குறுகிய அறுவடைக் காலம் மேலும் சுருங்கும். இது நாசிக்குக்கு மட்டுமான சிக்கல் அல்ல. பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் உள்ள போன் நகரில் 1354ஆம் ஆண்டு முதல் கிடைக்கும் அறுவடை நாள் பதிவுகளை ஆராய்ந்த வல்லுநர்கள், 1988ஆம் ஆண்டுக்குப் பின் அறுவடை சராசரியாக 13 நாள்கள் முன்னதாக நடைபெறுவதாகக் கண்டறிந்துள்ளனர். அங்கு குளிர் குறைவதால் பழுப்பது எளிதாகிறது. ஏற்கெனவே வெப்பத்தின் எல்லையில் நிற்கும் நாசிக்கில் அத்தகைய ஆதாயத்துக்கு இடமில்லை.

விவசாயியின் கணக்கு:

ஒயின் திராட்சை பயிரிடும் விவசாயிகள் பலர் ஆலைகளுடன் ஒப்பந்த அடிப்படையில் செயல்படுகிறார்கள். தரமான ஒயினுக்கு விளைச்சலைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதால், உண்ணும் திராட்சையைவிட ஏக்கருக்குக் குறைவாகவே பழம் எடுக்க முடியும். பழத்தின் சர்க்கரை அளவும் தரமும் விலையில் எதிரொலிக்கும். மேலும், விலை பிடிக்கவில்லை என்றால் சந்தைக்கு எடுத்துச் சென்று விற்கும் வாய்ப்பும் இல்லை. சிறிய, விதை நிறைந்த ஒயின் திராட்சையை உண்பதற்காக வாங்குவோர் அரிது. 2008ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தநிலையும் மும்பைத் தாக்குதலும் அடுத்தடுத்து வந்தபோது ஒயின் விற்பனை சரிந்தது. பழம் வாங்க ஆளில்லாமல் நாசிக் விவசாயிகள் பலர் கொடிகளைப் பிடுங்கிவிட்டு மீண்டும் உண்ணும் திராட்சைக்குத் திரும்பினர்.

திராட்சைத் தோட்டம் ஓராண்டுப் பயிர் அன்று. நட்ட கொடி முழு மகசூலுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே பருவநிலை மாறுகிறது என்பதற்காக அடுத்த ஆண்டே ரகத்தை மாற்றிவிட முடியாது. தோட்டத்தின் மீது நெகிழித் திரை அமைத்தால் மழையிலிருந்து காக்கலாம். ஆனால் அதன் செலவு சிறு விவசாயிகளுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மகாராஷ்டிரத் திராட்சையும் இடம்பெறுகிறது. ஆயினும் ஒரு வட்டாரத்தின் வானிலை நிலையத்தில் பதிவாகும் அளவுகளைக் கொண்டு இழப்பீடு கணக்கிடப்படுவதால், ஓர் ஊரில் பெய்து பக்கத்து ஊரை விட்டுவிடும் மழைக்கு அது எப்போதும் சரியாகப் பொருந்துவதில்லை.

எஞ்சியிருக்கும் முக்கியமான கருவி கவாத்து நாள்தான். முன்னதாக வெட்டினால் மழையில் சிக்கும் ஆபத்து. தாமதித்து வெட்டினால் பழம் மார்ச் மாத வெயிலில் போய் நிற்கும். சிலர் தோட்டத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு நாள்களில் கவாத்து செய்து ஆபத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் வானிலை முன்னறிவிப்பை ஒட்டி விவசாயிகளுக்கு ஆலோசனைகளை வழங்கி வருகிறது.

பாட்டிலின் மீதுள்ள 'நாசிக் பள்ளத்தாக்கு' என்ற புவிசார் பெயர், பழம் எந்த நிலத்தில் விளைந்தது என்பதற்கு உறுதி தருகிறது. ஆனால் அந்தப் பெயருக்குச் சுவையைத் தந்தது நிலம் மட்டுமல்ல, அந்நிலத்துக்கு உரிய பொழுதும்தான். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பொழுது நகரத் தொடங்கியுள்ளது. ஒவ்வோர் அக்டோபரிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கவாத்துக் கத்தரியைக் கையில் எடுக்கும் விவசாயிகள் அதனை முதலில் உணர்கிறார்கள்.